'நன்றி: இணையம்'னு போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அரைப்பக்கத்துக்கு மீம்ஸ் போட்டிருந்தீங்க, பார்த்தேன், சிரிச்சேன், ரெண்டு மூணு நிஜமாவே நல்லா இருந்துச்சு. பக்கத்துலயே இந்தக் காலத்துப் பசங்களோட ரசனை பத்தி ஒரு கட்டுரையும் இருந்துச்சு. அதுக்கு நான் சண்டைக்கு வரல, ஒருத்தருக்கு கே-பாப் பிடிக்கும், ஒருத்தருக்கு அனிமே, இன்னொருத்தர் நாள் முழுக்க பூனை வீடியோவே பார்ப்பாங்க, பிடிச்சது பிடிச்சதுதான், அதுக்கு யாரும் யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத வந்தது அந்த அரைப்பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல இருந்த ரெண்டே வார்த்தையப் பத்தி. நன்றி: இணையம்.

இணையம்னு ஒரு ஆள் கிடையாதே சார். ஒரு மீம்னா படம் எடுத்தவங்க ஒருத்தர், படத்துல இருக்கறவங்க ஒருத்தர், மேல வரி எழுதினவங்க ஒருத்தர், ஆக மூணு பேராவது அதுக்குள்ள இருக்காங்க. இந்த மூணு பேரையும் சேர்த்து 'இணையம்'னு ஒரே மூட்டையா கட்டிடறோம்.

நானும் ஆறு வருஷமா மீம் போடறவதான். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து, நானே வரைஞ்சு, வரிய நாலு தடவை மாத்தி மாத்தி எழுதி ஒண்ணு போட்டேன், ஓரத்துல சின்னதா என் பேரும் இருந்துச்சு. மறுநாள் பார்த்தா பல லட்சம் பேர் ஃபாலோ பண்ற ஒரு பேஜ்ல அதே படம், என் பேரு இருந்த ஓரத்தை மட்டும் க்ராப் பண்ணிட்டு அவங்க வாட்டர்மார்க்கை நடுவுல போட்டிருக்காங்க. மெசேஜ் பண்ணேன், பதிலே இல்ல. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததுல எனக்கு சந்தோஷம்தான், ஆனா கீழ கமென்ட்ல "அட்மின் வேற லெவல்"னு ஜனங்க எழுதினதைப் பார்த்தப்போ தொண்டை அடைச்சிடுச்சு.

மீம்ன்றதே கை மாறி கை மாறி போறதுதானே, யாருக்குன்னு பேரு போடறதுன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். 1976-ல ரிச்சர்ட் டாக்கின்ஸ்ன்ற உயிரியல் விஞ்ஞானி 'மீம்'ன்ற இந்த வார்த்தையை உண்டாக்கினப்பவே, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர் காப்பி பண்ணி பரவுற விஷயம்ன்ற அர்த்தத்துலதான் சொன்னார். ஆனா பரவுனா ஆரம்பிச்ச ஆள் மறைஞ்சே போகணும்னு இல்லையே. கீபோர்டுல கோலனும் கோடும் அடைப்புக்குறியும் தட்டி சிரிச்ச முகம் போடறோமே, அதை காமெடியா எழுதினதுக்கு அடையாளமா வச்சுக்கலாம்னு சொன்னவர் ஸ்காட் ஃபால்மன்ன்ற கம்ப்யூட்டர் பேராசிரியர், அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, 1982 செப்டம்பர் 19. அந்த மெசேஜ் காணாமப் போயிடுச்சு, இருபது வருஷம் கழிச்சு 2002-ல பழைய பேக்கப் டேப்பை எல்லாம் கிளறி அதைத் தேடி எடுத்தாங்க. மூணு குறிக்கே அவ்ளோ மெனக்கெட்டிருக்காங்கன்னா நாம ஒரு ரிவர்ஸ் இமேஜ் சர்ச்சாவது, அதாவது படத்தையே குடுத்து அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெட்ல தேடறதாவது பண்ணலாமே, அதுக்கு அரை நிமிஷம் ஆகுமா?

பேரு போடறதை விட என்னை உறுத்தறது அந்த முகங்கள்தான் சார். வடிவேலு முகத்தை வச்சு மீம் போடறது வேற. அவர் கேமரா முன்னாடி நாம சிரிக்கணும்னே நடிச்சார், 2019 மே மாசம் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல அவர் நடிச்ச நேசமணிக்காக ஊரே விளையாட்டா பிரார்த்தனை பண்ணி உலக அளவுல ட்ரெண்ட் ஆனப்போ அது பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் பண்ண வேலைக்கு கிடைச்ச மரியாதை. ஆனா தெருவுல போற ஒருத்தர், கிளாஸ்ல தூங்கற ஒரு பையன், அழுது முகம் கோணிப்போன ஒரு அம்மா, இவங்க யாரும் நமக்காக நடிக்கலையே.

2002-ல கனடாவுல ஒரு ஸ்கூல் பையன், விண்வெளிப் படத்துல வர்ற வாள் சண்டை மாதிரி ஒரு கோலை சுத்தி சுத்தி தன்னையே வீடியோ எடுத்தான், யாருக்கும் காட்டறதுக்கு இல்ல, சும்மா தனக்காக. அடுத்த வருஷம் கூடப் படிக்கிற பசங்க கையில அது கிடைச்சு நெட்ல ஏத்திட்டாங்க, யூட்யூபே வராத காலத்துல கோடிக்கணக்கான பேர் பார்த்தாங்க. அந்தப் பையனை ஸ்கூல்ல படுத்தின பாட்டுல படிப்பை பாதியில விட்டு வெளிய வந்தான், மனநல சிகிச்சை வரைக்கும் போச்சு, குடும்பம் கேஸ் போட வேண்டியதாச்சு. பார்த்து சிரிச்ச ஒவ்வொருத்தரும் ஒரு தடவைதான் சிரிச்சிருப்பாங்க, அத்தனை பேரோட சிரிப்பும் அவன் ஒருத்தன் தலையில விழுந்துச்சு. எனக்கு இதைப் படிச்ச அன்னைக்கு தூக்கமே வரல.

எல்லாக் கதையும் இப்படி முடியறதில்ல, அதையும் சொல்லணும். கைப்பிடி மணலோட முஷ்டியை இறுக்கிட்டு நிக்கிற ஒரு குழந்தை படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க, பரீட்சை பாஸ் ஆனா அனுப்புவாங்களே அதுதான். 2007-ல அவங்க அம்மா கடற்கரையில எடுத்தது. 2015-ல அந்தப் பையனோட அப்பாவுக்கு சிறுநீரக மாற்று ஆபரேஷன் செலவுக்கு குடும்பம் உதவி கேட்டப்போ, இந்தப் பையன்தான் அந்த மீம் குழந்தைன்னு தெரிஞ்சு ஜனங்க அள்ளிக் குடுத்தாங்க. அதே அம்மா, அமெரிக்காவுல ஒரு அரசியல்வாதியோட தேர்தல் குழு கேக்காம கொள்ளாம அந்தப் படத்தை நிதி திரட்ட எடுத்துப் போட்டப்போ கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க. படம் யாரோடதுன்னு தெரிஞ்சதாலதான் உதவியும் போய்ச் சேர்ந்துச்சு, தட்டிக்கேக்கவும் ஆள் இருந்துச்சு.

வலியை மறைச்சு சிரிக்கிற மாதிரி இருக்கற முகத்தோட மீம்ல வர்ற ஹங்கேரி தாத்தா, ஆந்த்ராஷ் அரடோ, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரா வேலை பார்த்தவர், ஏதோ விளம்பரப் படத்துக்குன்னு போஸ் குடுத்தார், பிற்பாடு நெட்ல தேடிப் பார்த்தா தன் முகம் உலகம் பூரா கேலியா சுத்துது. மொதல்ல ரொம்ப சங்கடப்பட்டிருக்கார், அப்புறம் சரின்னு ஏத்துக்கிட்டு மேடையேறிப் பேசற அளவுக்கு வந்துட்டார். அவர் ஏத்துக்கிட்டார், அது அவர் பெருந்தன்மை, ஆனா ஏத்துக்கறதா வேண்டாமான்னு மொதல்ல அவரை யாரும் கேக்கல.

அதனால என் வேண்டுகோள் இதுதான். பக்கத்தை நிறுத்தாதீங்க, ப்ளீஸ், எங்க வீட்ல அதைத்தான் எல்லாரும் மொதல்ல பிரிக்கிறாங்க. ஒவ்வொரு மீமுக்கும் கீழ போட்டவங்க பேரையோ பேஜ் பேரையோ போடுங்க, தேடியும் கிடைக்கலைன்னா 'உருவாக்கியவர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்'னு ஒரு வரி போடுங்க, வாசகர்கள் நாங்க கண்டுபிடிச்சு எழுதறோம். நடிகர் முகம், கார்ட்டூன், பூனை நாய் எல்லாம் போடுங்க. சாதாரண மனுஷங்க முகம் இருந்தா மட்டும், அவங்க சம்மதம் தெரியாம அச்சுல ஏத்தாதீங்க. மொபைல்ல வந்தா ரெண்டு நாள்ல கீழ போயிடும், பேப்பர்ல வந்தா அவங்களோட சொந்தக்காரங்க, கூட வேலை பார்க்கறவங்க கண்ணுல எல்லாம் படும்.

அந்த அரைப்பக்கத்துல கடைசி வரிசையில மூணாவது படம், பயணத்துல வாயைத் திறந்துட்டு அசந்து தூங்கற ஒரு பெரியவர், மேல "திங்கட்கிழமை மீட்டிங்கில் நான்"னு வரி. நானும் அதைப் பார்த்து சிரிச்சேன், அப்புறம் அவர் கையில இறுக்கிப் பிடிச்சிருந்த பையைப் பார்த்தேன், எவ்ளோ தூரத்துலேருந்து வர்றாரோ தெரியல. அவரைத் தெரிஞ்சவங்க யாராவது உங்க ஆபீஸுக்கு போன் பண்ணாங்களா சார்? பண்ணியிருந்தா அவங்க சொன்னதையும் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு வாசகி