ஏழாவது ஆளுக்கு

ஸ்கார்பரோ
2025 டிசம்பர் 7, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, "இன்று ஓவர்டைம், போன் எடுக்க முடியாது" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன் அல்லவா? அது பொய். அன்று மாலை நான் உன் கல்லூரி அரங்கில், கடைசி வரிசையில், ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடமே நேற்றுத்தான் சொன்னேன். வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆகவே நீ புதிதாக ஏச வேண்டியதில்லை.

தமிழில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு எல்லை அதிகாரியிடம் பதில் சொல்வது போல ஆகிவிடுகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஐஸ் ஹாக்கி விழுங்கியபோது நீ ஏழாம் வகுப்பில் இருந்தாய். அதுவரை படித்தது போதும், மெதுவாக வாசி. விளங்காத சொல்லை அம்மம்மாவிடம் போனில் கேள். அவருக்கும் பொழுது போகும்.

நான் வந்தது ஆட்டம் பார்க்க அல்ல, உன் காலைப் பார்க்க. அக்டோபரில் நான்கு ஆட்டங்களில் உன்னைக் கணினியில் பார்த்தோம். பிறகு உன் எண் திரையில் வரவே இல்லை. "கணுக்காலில் சின்ன வலி அப்பா, பயிற்றுநர் ஓய்வு எடுக்கச் சொன்னார்" என்றாய். அம்மா இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. கணுக்கால் என்றால் எனக்கும் பயம்தான். எனவே காலை பத்து மணிக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன். கிங்ஸ்டன், ப்ராக்வில் எல்லாம் கடந்து பிரெஸ்காட்டில் இறங்கி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேலுள்ள தொங்கு பாலத்தைத் தாண்டினால் அமெரிக்கா. அங்கே பெட்டிக்குள் இருந்த அதிகாரி எதற்காக வருகிறாய் என்று கேட்டார். மகள் கல்லூரியில் ஹாக்கி விளையாடுகிறாள் என்றேன். எந்த இடத்தில் என்றார். பின்னால் நின்று தடுக்கும் டிஃபென்ஸ் என்றேன். வலது கையா, இடது கையா என்றார். வலது என்றதும் "ஓ, அப்படியானால் கிடைப்பது அரிது" என்று சொல்லிக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். முப்பது வருடங்களில் ஓர் எல்லை அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும் பயிற்சியின்போது தளத்தில் டிஃபென்ஸ்காரர்களை எண்ணினேன். ஆறு பேர், மூன்று சோடி. உன் எண் இல்லை. சரி, கால் வலிதான் என்று நினைத்தேன். அப்போது எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டில் நீ வந்தாய். கையில் தாள் செருகிய பலகை, மறு கையில் தண்ணீர்ப் போத்தல். ஒரே எட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினாய், பிள்ளை. அந்தக் காலில் ஒரு வலியும் இல்லை.

அப்போது எனக்கு விளங்கியது. ஆறு பேருக்கு இடம் இருக்கிற இடத்தில் நீ ஏழாவது ஆள்.

அந்த நிமிடமே எழுந்து உன்னிடம் வந்திருக்கலாம். காரில் அம்மா பொரித்த பருத்தித்துறை வடை ஒரு டின் நிறைய இருந்தது. ஆனால் நான் வந்து நின்றால் நீ சொன்ன பொய் உன் முன்னால் வந்து நிற்கும். அதற்கு மனம் வரவில்லை. தூணோடு தூணாக இருந்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன். உனக்கு ஏழு வயதிலிருந்து உன் ஆட்டங்களைப் பார்க்கிறேன். இத்தனை வருடங்களில் நான் பார்த்ததெல்லாம் ஒரு எண்ணை, ஒரு ஹெல்மெட்டை, அதன் கம்பி வலையை. நாற்பது ஐம்பது வினாடிகள் தளத்தில் இருப்பாய், பிறகு பெஞ்சுக்குப் போவாய், மற்றப் பிள்ளைகளோடு கலந்துவிடுவாய். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நீ மாறிப்போயிருப்பாய். அன்றுதான் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளும், இடையில் ஸாம்போனி வண்டி தளத்தைக் கழுவிச் சுற்றிய நேரமும் சேர்த்து, உன் முகத்தை வலையில்லாமல் பார்த்தேன். நீ ஆட்டத்தைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

நீ உட்காரவே இல்லை, தெரியுமா? உட்கார்ந்துதான் இருந்தாய், ஆனால் உன் வலது தோள் விளையாடிக்கொண்டிருந்தது. பக் வலது மூலைக்குப் போகும்போதெல்லாம் தோள் முன்னால் வந்தது. வாய் ஏதோ முணுமுணுத்தது. பிறகு குனிந்து தாளில் எழுதினாய். சின்ன வயதில் கணக்குப் பாடம் செய்யும்போது நாக்கின் நுனியை வெளியே நீட்டுவாயே, அது இன்னும் போகவில்லை.

இரண்டாவது பகுதியில் நடந்ததுதான் நான் உண்மையில் எழுத வந்தது. உன் இடத்தில் ஆடிய அந்த மூத்த மாணவி, நீலக்கோட்டை விட்டு விலகி முன்னேறி பக்கைப் பறிக்கப் போனாள். பறிக்க முடியவில்லை. பின்னால் வெறும் தளம். எதிரணிப் பிள்ளைகள் இருவர் தனியாக வந்து கோல் போட்டார்கள். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வேறு யாரோ பெற்ற பிள்ளை தடுமாறியதில், ஐம்பத்தாறு வயது மனிதனுக்குச் சந்தோஷம். உடனே உன் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே சந்தோஷத்தைத் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடி, பலகையால் நெற்றியில் இரண்டு முறை தட்டிக்கொண்டாய். பிறகு எழுந்து நின்று, அவள் பெஞ்சுக்குத் திரும்பும்வரை கை தட்டினாய். கண்ணாடிக்கு அப்பால் அவளுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு மட்டும் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை. தூண் போதவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, உன் முதல் ஸ்கேட்? ஸ்கார்பரோ நகர மண்டபத்துக்கு முன்னால் ஆல்பர்ட் காம்பெல் சதுக்கத்தில் குளிர்காலத்துக்குத் தண்ணீரை உறையவைத்துத் தளம் போடுவார்களே, அங்கேதான் ஆரம்பித்தாய். சப்பாத்து வாங்குவது போலத்தானே என்று நினைத்து, வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் துணி திணித்துக் கொடுத்தேன். உன் கணுக்கால் இரண்டு பக்கமும் வாழைத்தண்டு போல மடிந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கூப்பிட்டு, ஸ்கேட் என்பது சப்பாத்தைவிட ஓர் அளவு சிறியதாக, காலோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகுதான் ஸ்கேட்டின் இரும்பைத் திருப்பிப் பார்த்தேன். அது கத்தி போல ஒற்றை விளிம்பு அல்ல, நடுவில் நீளமாக ஒரு பள்ளமும் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பும். தீட்டுபவரிடம் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்ல வேண்டும். ஆழம் கூடினால் தளத்தைக் கவ்வும், குறைந்தால் வழுக்கும். அம்மாவுக்குத் தேங்காய்த் துருவலைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இன்று எனக்கு இதைப் பற்றித் தெரியும்.

எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது உனக்கு எப்போதும் பகிடிதான். டிம் ஹார்ட்டன்ஸ் என்பது கோப்பிக் கம்பனியின் முதலாளி பெயர் என்று பத்து வருடங்கள் நம்பினேன். அவர் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் டிஃபென்ஸ்காரர், அணியோடு நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர், 1964இல் ஹமில்ட்டனில் முதல் கடையைத் திறந்தவர் என்று நீ சொல்லித்தான் தெரியும். நாட்டுக்கே கோப்பி ஊற்றுகிறவரும் உன் இடத்தில் ஆடியவர்தான்.

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. 1996இல் நான் வந்திறங்கியது ஃபிளெமிங்டன் பார்க்கில். ஒரே அபார்ட்மெண்டில் மூன்று குடும்பம். இரவு வேலைக்குப் பஸ் எடுக்கப் போகும்போது ஐஸ் அரங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். தோளில் ஆளுயரப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போவார்கள். இந்தக் குளிரில் இத்தனை பேர் வீடு மாறுகிறார்களே என்று நினைத்தேன். ஹாக்கி வீராங்கனை ஏஞ்சலா ஜேம்ஸ் அந்தத் தெருக்களில்தான் வளர்ந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? 2009இல் அந்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தபோது நாம் ஸ்கார்பரோவுக்கு வந்துவிட்டோம்.

நீ அவர் படத்தை அறையில் ஒட்டியிருந்தாய். கறுப்பினத் தகப்பனுக்குப் பிறந்த, அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை. அவரும் கல்லூரி ஹாக்கி ஆடியவர்தான், டொரண்டோவிலேயே, செனிக்கா கல்லூரியில். டிஃபென்ஸில் நின்றுகொண்டே ஒரு பருவத்தில் 14 ஆட்டங்களில் 50 கோல். 1990இல் ஓட்டாவாவில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது, கனடா பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்புச் சீருடை போட்டு அனுப்பினார்கள். அதையும் போட்டுக்கொண்டு ஐந்து ஆட்டங்களில் 11 கோல். பிறகு 1998இல் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனது. நாகானோவுக்குப் போன அணியில் அவர் பெயர் இல்லை. எல்லாம் செய்து முடித்தவரை, முப்பது வயதைக் கடந்தவரைக் கடைசியில் விட்டுவிட்டார்கள். 2010இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ் மண்டபத்தில் முதல் இரண்டு பெண்களில் ஒருவராகச் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த 1998 பிப்ரவரியில் அவர் தொலைக்காட்சியைப் பார்த்தாரா, அணைத்தாரா என்று நான் சில இரவுகளில் யோசிப்பதுண்டு. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேறுதலாகவும் இது இல்லை.

2024 பிப்ரவரி 16 அன்று ஸ்கோஷியாபேங்க் அரங்குக்கு நாம் மூவரும் போனோமே, டொரண்டோவும் மொன்றியலும் ஆடியபோது. 19,285 பேர், பெண்கள் ஆட்டத்துக்கு. பத்து வருடங்கள் "பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த அடிதடி" என்று கேட்ட சித்தப்பா, மறுநாள் பத்திரிகையில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "டிக்கெட் என்ன விலை?" என்று கேட்டார். நீ வழியெல்லாம் ரயிலில் வாய் திறக்கவில்லை. கென்னடி நிலையத்தில் இறங்கியபோது "நான் அங்கே ஆடுவேன்" என்று மட்டும் சொன்னாய். நான் "முதலில் தொப்பியைப் போடு" என்றேன்.

எனக்கு எப்போதும் இதே வியாதி. போன வியாழன் இரவு நீ கேட்டாய்: "அப்பா, நான் இங்கே வந்தது சரிதானா?" நான் என்ன சொன்னேன்? "சாப்பிட்டாயா?" அதன் பிறகு இரண்டு பேரும் காலநிலை பற்றிக் கதைத்தோம்.

மூன்று நாளாக அதற்குப் பதில் தேடுகிறேன். வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுப்பதா, இருப்பதா என்று நீ யோசிப்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை இதில் போட்ட நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர், நான் பயிற்றுநருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். அதை மட்டும் செய்யமாட்டேன், நீ பயப்படாதே. நான் கணக்குப் போட்டதில் தெரிவது இவ்வளவுதான்: உனக்கு முன்னால் வலது பக்கத்தில் ஆடுகிற மூவரில் இருவர் நான்காம் ஆண்டு. அடுத்த வருடம் அவர்கள் இருக்கமாட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பதிலாக யாரை அழைத்துவரப் போகிறார்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியாது. அவர்களுக்கு 22 வயது, உனக்கு 18. சுவரோரம் தோளோடு தோள் மோதும்போது அந்த நான்கு வருடம் எடையில் தெரிகிறது. அதை அக்டோபரிலேயே பார்த்தேன். விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது என்றாய். மீதி நேரத்தில் நீ ஜிம்மில் இருக்கிறாயா, இரசாயனம் படிக்கிறாயா? இரண்டில் எதைச் சொன்னாலும் அம்மா ஒன்றுக்குக் கவலைப்படுவாள்.

போவதா இருப்பதா என்று நீயே முடிவெடு. கால் வலி என்று மட்டும் இனிச் சொல்லாதே. ஆடவில்லை என்றால் ஆடவில்லை என்று சொல். அம்மா கணுக்காலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு இப்போது 101 தேங்காய் கடன் இருக்கிறது. இல்லாத வலிக்கு உடைப்பதா வேண்டாமா என்று ஐயரைக் கேட்கப் போகிறாளாம்.

அன்று ஆட்டம் முடிவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டேன். பாலத்தைத் தாண்டியதும் பசித்தது. வடை டின்னைத் திறந்தேன். கிங்ஸ்டன் வரும்போது பாதி முடிந்திருந்தது. பெல்வில் பக்கம் நல்ல பனி, லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தேன். வீடு வந்தபோது அதிகாலை இரண்டரை. மீதி வடையைக் கராஜில் உன் பழைய ஹாக்கிப் பைக்குள் ஒளித்தேன். நேற்று அம்மா அதைக் கண்டுபிடித்ததால்தான் எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பையின் நாற்றத்துக்குள் சாப்பாட்டை வைத்த மனிதனோடு இத்தனை வருடம் வாழ்ந்தேனே என்றாள்.

ஜனவரியில் உங்கள் அரங்கில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு இருவரும் வருகிறோம். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அம்மா புது வடை பொரிக்கிறாள், அந்த மூத்த பிள்ளைக்கும் சேர்த்து, காரம் குறைத்து. நீ கீழே இருந்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காருவோம். மேலே இருந்தால் உனக்கு வலப்பக்கம் இரண்டு இருக்கை பிடித்து வை. இடப்பக்கம் வேண்டாம், உன் தோள் எப்படி அசைகிறது என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அந்தத் தாளில் என்ன எழுதிக்கொண்டிருந்தாய்?