நன்னடத்தைச் சான்று போதாது: பொருளியல், வணிகவியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் பொருளியல், வணிகவியல் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தென் தமிழ்நாட்டில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். படித்து, பிறகு எம்.ஏ. பொருளியல் முடித்து, இப்போது அமெரிக்காவின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முனைவர் பட்ட மாணவனாக இருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் ஊரிலிருந்து மெயில்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, எகனாமிக்ஸ் பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன், ஃபைலைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" பார்க்கிறேன். மதிப்பெண், ஜிஆர்இ நுழைவுத் தேர்வு, ஏன் படிக்க வருகிறேன் என்று சொல்லும் நோக்க அறிக்கை எல்லாவற்றையும் தம்பி தங்கைகள் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். அது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான துறைகளில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் முதல் பாதியில் வரும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பேராசிரியர்கள் சிலர் கொண்ட குழு கோப்புகளைப் படிக்கும். பெயர்பெற்ற பொருளியல் துறைகளில் இருபது, இருபத்தைந்து இடங்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். ஜிஆர்இ கணிதப் பகுதியின் உச்சம் 170. அங்கே விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு மிக அருகில்தான் இருப்பார்கள் என்பதால் அதை வைத்து யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் கல்லூரியின் பெயரை அந்தக் குழுவில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 68 விழுக்காடு என்று மதிப்பெண் பட்டியல் சொன்னால் அது நல்லதா, சுமாரா என்றும் அவர்களுக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது மூன்று பரிந்துரைக் கடிதங்கள். இந்த மாணவர் யார், ஆராய்ச்சி செய்யத் தாங்குவாரா என்று சொல்ல வேறு ஆளே இல்லை.

இப்போது நம் பக்கத்திலிருந்து போகும் கடிதத்தைப் பாருங்கள். கல்லூரி முகவரித்தாள். மேலே "டூ ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன்". முதல் பத்தியில் கல்லூரியின் வரலாறும், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு தந்த கிரேடும். அடுத்து, இன்னார் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை எம் கல்லூரியில் படித்தார், பணிவானவர், நேரம் தவறாதவர், ஆசிரியர்களிடம் மரியாதை உள்ளவர், நன்னடத்தை உடையவர், வாழ்வில் வெற்றி பெற வாழ்த்துகிறேன். கீழே பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். வங்கியில் கல்விக் கடன் வாங்கவோ, வேறு கல்லூரியில் சேரவோ இது போதும். முனைவர் சேர்க்கைக் குழுவுக்கு இது வெற்றுத்தாள். உண்மையில் அதைவிட மோசம். அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒருவரைப் பாராட்டினால் தூக்கி வைத்துப் பாராட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் படிக்கிறவருக்கு "பணிவான, நல்ல மாணவர்" என்ற வரி, "சொல்ல வேறொன்றும் இல்லை" என்றுதான் ஒலிக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தேனிப் பக்கத்து மாணவி ஒருவர் எம்.ஏ. திட்டக் கட்டுரைக்கு, நறுமணப் பொருட்கள் வாரியம் வெளியிடும் ஏலக்காய் ஏல விலைகளை எடுத்துக்கொண்டார். போடி ஏலத்தில் வரும் விலையையும் சில்லறை விலையையும் வைத்து, இரண்டுக்கும் உள்ள உறவை அளக்க ஒரு ரெக்ரஷன் ஓட்டினார். முடிவு பிரமாதமாக வந்தது. வழக்கமாக அங்கேயே பைண்டிங் போட்டுச் சமர்ப்பித்திருப்பார்கள். இவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் எடுத்த காலத்தில் இரண்டு விலைகளும் ஏறிக்கொண்டே போயிருந்தன. அப்படி ஏறும் எந்த இரண்டு தொடர்களை எடுத்தாலும் உறவு இருப்பதுபோலத்தானே தெரியும்? விலைக்குப் பதிலாக விலை மாற்றங்களை எடுத்துத் திரும்பச் செய்தார். பிரமாதமான முடிவில் பாதி காணாமல் போனது. அதையும் மறைக்காமல் எழுதினார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் இந்தக் கதையை என்னிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அவர் அனுப்பிய கடிதத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. பணிவு இருந்தது, நேரம் தவறாமை இருந்தது. கேட்டால், "இதெல்லாம் சின்ன விஷயம், லெட்டர்ல போடலாமாப்பா?" என்றார். ஐயா, அது ஒன்றைத்தான் போட வேண்டும். புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தானாகச் சந்தேகப்படுகிற ஆளைத்தான் அந்தக் குழு தேடிக்கொண்டிருக்கிறது.

கடிதத்தோடு ஒரு படிவமும் வரும். நீங்கள் இதுவரை கற்பித்தவர்களில் இவர் எங்கே நிற்கிறார், முதல் 1 விழுக்காடா, 5 விழுக்காடா, 10 விழுக்காடா என்று கட்டங்கள் இருக்கும். நம்மில் சிலர் அனுப்புகிற எல்லோருக்கும் முதல் கட்டத்தில் டிக் போடுகிறார்கள். சிலர் அடக்கமாக நடுவில் போடுகிறார்கள். இரண்டாலும் மாணவருக்குத்தான் நட்டம். கடிதத்திலேயே எண்ணோடு சொல்லிவிடுங்கள்: பதினைந்து ஆண்டாக எம்.ஏ. வகுப்பு எடுக்கிறேன், அதில் நான் பார்த்த முதல் மூவரில் இவர் ஒருவர். அதோடு, எங்கள் பல்கலைக்கழகத்தில் 60 எடுத்தாலே முதல் வகுப்பு, 75-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த 68-க்கும் அர்த்தம் வந்துவிடும்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே பேசாத பழக்கம் ஒன்று: "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." இதில் பாதி உங்கள் குற்றம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்கள் துறையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், நாக் கோப்புகளுக்கே நேரம் போதவில்லை. ஆனாலும், மூன்று கடிதங்களையும் ஒரே மாணவர் எழுதினால் மூன்றிலும் ஒரே நடை, ஒரே சொல், ஒரே பிழை இருக்கும். அடுத்தடுத்துப் படிக்கிறவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். அமெரிக்காவில் மாணவர் தன் கல்விக் கோப்பைப் பார்க்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமை தருகிறது. விண்ணப்பிக்கும்போது, பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் அந்த உரிமையை வேண்டாம் என்று பெரும்பாலோர் டிக் செய்துவிடுவார்கள். கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டது என்று குழு நம்புவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மாணவரிடம் குறிப்புகள் கேளுங்கள், திட்டக் கட்டுரையின் பிரதியைக் கேளுங்கள், தப்பில்லை. எழுதுவது மட்டும் நீங்களாக இருக்க வேண்டும். ஆங்கிலம் சாதாரணமாக இருந்தால் போதும்.

இன்னொரு சில்லறைத் தொல்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து உங்களுக்கு ஒரு லிங்க் வரும், அதன் வழியாகத்தான் கடிதத்தை ஏற்ற வேண்டும். கல்லூரி டொமைனில் உள்ள மின்னஞ்சலைத்தான் அவர்கள் நம்புவார்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஜிமெயிலில்தான் இருக்கிறோம். கல்லூரியில் சொல்லி ஒரு முகவரி வாங்கி வையுங்கள். மாணவர் பத்து இடத்துக்கு விண்ணப்பித்தால் பத்து லிங்க் வரும், அதில் நாலு ஸ்பேமில் கிடக்கும்.

கணிதத்துக்கு வருகிறேன். பொருளியல் முனைவர் படிப்பின் முதல் ஆண்டில் நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பொருளியல் அளவையியல் (எகனோமெட்ரிக்ஸ்) மூன்றும் ஏறக்குறைய கணித வகுப்புகள்தான். அதன் முடிவில் வரும் தகுதித் தேர்வில் தோற்றால் பெரும்பாலும் மறு வாய்ப்பு உண்டு, அதிலும் தோற்றால் வெளியேற வேண்டியதுதான். அதனால் நேரியல் இயற்கணிதம், பல மாறி நுண்கணிதம், நிகழ்தகவு, முடிந்தால் ரியல் அனாலிசிஸ் ஆகியவற்றை மாணவர் படித்திருக்கிறாரா என்று குழு தேடும். நம் பி.ஏ. மாணவர்களில் பலர் பிளஸ் டூவிலேயே கணிதம் இல்லாத குரூப்பிலிருந்து வருகிறவர்கள். பாடத்திட்டத்தில் "பொருளியலுக்கான கணிதம்" என்று ஒன்றோ இரண்டோ தாள் இருக்கும், அதில் வகையிடலோடு நின்றுவிடும். பாடத்திட்டக் குழு கூடி இதை மாற்றும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மேற்சொன்ன பாடங்களில் பெரும்பாலானவற்றை அதே வளாகத்தில், அடுத்த கட்டடத்தில், பி.எஸ்சி. கணிதத் துறை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆர்வமுள்ள இரண்டு பேரை அங்கே உட்கார வைக்கவும், தேர்வு எழுதி மதிப்பெண் பட்டியலில் ஏற்றவும் முதல்வர் அனுமதித்தால் போதும். எத்தனை கல்லூரிகளில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம்?

வணிகவியல் துறைக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பி.காம். மாணவருக்கு நாம் காட்டுகிற வழிகள் சி.ஏ., வங்கித் தேர்வு, டேலி வேலை. கணக்கியலில் முனைவர் பட்டம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் காதில் விழுவதில்லை. அமெரிக்காவில் அது வணிகப் பள்ளிகளுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று, நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். கல்விக் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம்போல உதவித்தொகையும் உண்டு. ஜிஆர்இக்குப் பதில் ஜிமேட் தேர்வையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அங்கே யாரும் பேரேடு எழுதச் சொல்வதில்லை. 1968-ல் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இருவர், நிறுவனத்தின் லாபக் கணக்கு வெளிவருவதற்கு மாதங்களுக்கு முன்பே பங்கு விலை அந்தச் செய்தியின் பெரும்பகுதியை உள்வாங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். இன்றைய கணக்கியல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். அதற்குப் புள்ளியியலும், ஸ்டாட்டா, பைத்தான் போன்ற மென்பொருளில் ஒன்றும் தெரிந்த ஆள் வேண்டும். சி.ஏ. முடித்திருந்தால் மதிப்புதான், ஆனால் ஆராய்ச்சி செய்த தடயத்துக்கு அது ஈடாகாது. எம்.காம். திட்டக் கட்டுரை என்றால் "வாடிக்கையாளர் திருப்தி" பற்றி ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து விழுக்காடு போடுவது என்ற வழக்கத்தை இனியாவது விட்டுவிடலாமே. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

இது நம்மவர்க்கு எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பாலா பாலச்சந்திரன், கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளியில் பல்லாண்டு கணக்கியல் பேராசிரியராக இருந்தார். "போனால் திரும்பி வரமாட்டார்கள், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று துறைக்குத் துறை ஒருவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2004-ல் சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கியவரும் அதே பாலச்சந்திரன்தான்.

நேராக முனைவர் படிப்புக்குப் போக முடியாதவர்களுக்கு இடைப்படிகள் உள்ளன. மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் பல இடங்களில் தகுதி இல்லை என்பார்கள், முதுகலை வேண்டும். சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், உதவித்தொகை கொடுத்தே படிக்க வைக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எல்லாம் நம் மாணவர்களுக்குத் திறந்துதான் இருக்கின்றன. முதுகலைக்குப் பிறகு, வறுமை ஒழிப்பு ஆய்வு நடத்தும் ஜே-பால் தெற்காசியா போன்ற இடங்களில் ஓரிரு ஆண்டு ஆராய்ச்சி உதவியாளராக இருந்தால், குழு நம்பும் பெயர்களிடமிருந்து ஒரு கடிதமும் கிடைத்துவிடும். துறை அறிவிப்புப் பலகையில் இந்த அழைப்புகளை ஒட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

செலவு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 125 டாலர். பத்து இடம் என்றால் எண்பதாயிரம் ரூபாயைக்கூடத் தாண்டலாம், ஜிஆர்இயும் டோஃபல் ஆங்கிலத் தேர்வும் தனி. கட்டண விலக்கு பல இடங்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். இடம் கிடைத்த பிறகு வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை, இடம் கேட்பதற்குத்தான் காசு இல்லை. பழைய மாணவர் சங்கம் ஆண்டு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள், என் பங்கை நான் தருகிறேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களின் தொகுப்புச் சான்று) வாங்க மாணவர்கள் அலைகிற அலைச்சலைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும். அதனால் அதற்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்பதோடு விடுகிறேன்.

எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டு 2025-ல் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையையே குறைத்துவிட்டன, போட்டி இன்னும் கடுமையாகும். அதனால்தான் இந்தக் கடித விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆண்டும் யாராவது ஒரு மாணவி உங்கள் அறை வாசலில் தயங்கி நிற்பாள். உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுங்கள், அவள் கட்டுரையை ஒருமுறை புரட்டுங்கள், பிறகு எழுதுங்கள். நேரம் இல்லை, அல்லது அவளைப் பற்றி உறுதியாகச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை என்றால், அதையும் அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள். அவள் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்வாள். நவம்பர் கடைசியில் சொன்னால் அதற்கும் வழியில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்