மருமகனே, அந்த மீன் ராத்திரி எங்கே தூங்கும்?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் உப்புத்தண்ணீர் டேங்க்குக்காக நேற்று ராத்திரி 11.30க்கு நீ அனுப்பிய மூன்று ராஸ் மீன் படமும் வந்தது. கீழே ஒரே வரி: "மாமா, இதில் எதை வாங்க?" வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருப்பேன், ஆனால் நீ முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு மிச்சத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதோடு ஹட்டனில் ஒருவரும் பதுளையில் ஒருவரும் இந்த மாதமே இதையே கேட்டுவிட்டார்கள். சரி, எல்லோருக்கும் சேர்த்து உனக்கே எழுதிவிடுகிறேன்.

"ராஸ் வாங்கப் போகிறேன்" என்று நீ சொல்வது, "வீட்டில் ஒரு மிருகம் வளர்க்கப் போகிறேன்" என்று சொல்வது மாதிரி. பூனையும் மிருகம்தான், எருமையும் மிருகம்தான். இந்தக் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளத்தோடு நின்றுவிடுவதும் இருக்கிறது, 2 மீட்டர் வரை வளர்கிற நெப்போலியன் ராஸும் இருக்கிறது. கோணேஸ்வரத்தைக் கும்பிட்டுவிட்டு நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போனோமே, அங்கே பச்சையும் நீலமுமாக, பிறை மாதிரி வாலோடு உன் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியதே, அதுவும் ராஸ்தான். மூன் ராஸ். 25 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும், இறால் நண்டு எதையும் விட்டுவைக்காது. கடலில் பார்க்க அழகு, உன் 4 அடி டேங்க்கில் விட்டால் ரவுடி. கடைகளில் செம்மஞ்சளில் வெள்ளைத் திட்டு போட்ட குட்டி கோரிஸ் ராஸ் ஒன்று இருக்கும், சுண்டுவிரல் அளவில், பார்த்தவுடனே வாங்கத் தோன்றும். அது வளர்ந்து ஒரு அடியைத் தாண்டும், கல்லையெல்லாம் புரட்டிப் போடும். அதன் பக்கம் போகாதே.

இனி உன் படங்கள். முதலாவது கிளீனர் ராஸ். வேண்டாம். மற்ற மீன்களின் உடம்பில் இருக்கிற ஒட்டுண்ணியையும் சளியையும் கொத்தித் தின்று பிழைக்கிற மீன் அது. கடலில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சலூன் நடத்துகிற மாதிரி, நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். உன்னிடம் இருப்பது ஐந்தே மீன். அதுகளை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் பெரும்பாலும் தானும் மெலிந்து செத்துப்போகும். விலை மலிவு, அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே மீனின் தொண்டையில் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். அது தன்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கீழே போய்த் தொண்டையை உரசித் துடைக்கப் பார்த்தது. இவ்வளவு விவரமான மீனைக் கொண்டுவந்து பட்டினி போடுவானேன்?

இரண்டாவது சிக்ஸ் லைன். இது சாகாது, அதுதான் பிரச்சினை. தட்டைப்புழுவைப் பொறுக்கித் தின்னும், எந்த இரையைப் போட்டாலும் பாயும், எல்லாம் சரி. ஆனால் லயத்துக்கு யார் புதிதாகக் குடி வந்தாலும் வாசலில் நின்று வம்பிழுக்கிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். இதை முதலில் விட்டுவிட்டு அப்புறம் சாதுவான மீன் எதை விட்டாலும் மூலையில் ஒதுக்கிவிடும். ஆசை விடவில்லை என்றால் எல்லா மீனையும் விட்ட பிறகு கடைசியாக வாங்கு. நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

மூன்றாவது ஃபேரி ராஸ், ஆண். இதை வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நீ கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகிறவன் நிறத்தைப் பார்க்கிறான், நீ ராத்திரியைப் பார். ராஸ்களில் ஒரு கூட்டம் மண்ணுக்குள் புதைந்து தூங்கும்: உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த அந்த முழு மஞ்சள் மீன் (யெல்லோ கோரிஸ் என்று விற்பார்கள், உண்மையில் ஹாலிகோரஸ் கிரைசஸ்), லெபர்ட் ராஸ், கோரிஸ் எல்லாம் அந்தக் கூட்டம். இன்னொரு கூட்டம் கல் இடுக்கில் புகுந்து, வாயிலிருந்து சளியை விட்டுத் தன்னைச் சுற்றிக் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு உறை பின்னிக்கொண்டு தூங்கும்: ஃபேரி, அதன் உறவான ஃபிளாஷர், சிக்ஸ் லைன். முதல் கூட்டத்துக்கு 5 சென்டிமீட்டராவது நைசான மண் வேண்டும். உன் டேங்க்கின் அடியில் கிடப்பது சோளமணி சைஸில் உடைந்த பவளத்துண்டு. பயந்துபோன மீன் அதற்குள் தலைகீழாகப் பாய்ந்தால் வாயும் செதிலும் கிழியும், அந்தக் காயத்தில்தான் சாவு ஆரம்பிக்கும். ஆகவே மண்ணை மாற்றாமல் மஞ்சள் மீன் கிடையாது.

என்னுடைய மஞ்சள் மீனை விட்ட முதல் நாளே காணவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், இல்லை. உன் மாமி "காசைத் தண்ணியில போட்டீங்க" என்று சொன்னது அன்றைக்கு நிஜமாகவே பொருந்தியது. நான் ஒரு கரண்டியை எடுத்து மண்ணைக் கிளறப் போனேன், நல்லவேளை பாதியில் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி, மண்ணிலிருந்து தலையை நீட்டியது. கிளறவே கிளறாதே. அதுவும் இந்தோனேசியாவிலிருந்து வந்த மீன் என்றால் அதன் உடம்பில் அந்த ஊர்க் கடிகாரம்தான் ஓடும். பாலிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். உன் வீட்டில் மூன்றரை ஆகும்போது அதற்கு ஆறு மணி, போய்ப் படுத்துவிடும். சில நாளில் பழகிக்கொள்ளும். நம் கடலில் பிடித்த மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஃபேரிக்கு மண் வேண்டாம், மூடி வேண்டும். எல்லா ராஸும் குதிக்கும், இது கொஞ்சம் கூடுதலாகக் குதிக்கும். என் முதல் ஃபேரியை மூன்று நாள் கழித்து அலுமாரிக்குப் பின்னால் கருவாடாக எடுத்தேன். கண்ணாடி மூடி போட்டால் காற்றோட்டம் குறையும், அதனால் 6 மில்லிமீட்டர் கண் வலை. மின்வயர் நுழைகிற அந்த மூலை ஓட்டையையும் அடைக்க வேண்டும், என் மீன் போனது அது வழியாகத்தான்.

இன்னொன்று, ஃபேரியில் எல்லாமே பெண்ணாகத்தான் தொடங்கும், கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். ஆண் பகட்டாக இருப்பது பெண்களுக்கு முன்னால் காட்டிக்கொள்ளத்தான். தனியாக ஒரு ஆணை வாங்கி வைத்தால் மாதங்கள் போகப் போகச் சாயம் போன சேலை மாதிரி ஆகிவிடும். கடைக்காரனிடம் ஒரு பெண்ணும் சேர்த்துக் கேள். மங்கலாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை, விலையும் குறைவாகவே சொல்வான். ஆணும் ஆணும் மட்டும் வேண்டாம்.

அப்புறம், நம் மலை. கொழும்பில் வளர்க்கிறவர்கள் எழுதுகிற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவர்களுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற கருவி) பிரச்சினை, நமக்கு ஹீட்டர் பிரச்சினை. ராஸுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும், உன் நுவரெலியாவில் ஜனவரி ராத்திரி புல்லில் உறைபனி பிடிக்கும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக 200 வாட்டில் இரண்டு போடு, ஒன்று செத்தால் மற்றது தாங்கும். 2022 மார்ச்சில் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எனக்கு இங்கே பண்டாரவளையில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கிவிட்டது. தாத்தாவின் பழைய கம்பளியை டேங்க்கைச் சுற்றிக் கட்டி, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல்களை மிதக்கவிட்டு, பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டாரோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அந்த மோட்டார் ஒன்று உன்னிடம் இருந்தே ஆக வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீரில் கரைகிற ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். கொழும்பில் ஐந்து மீனைத் தாங்குகிற டேங்க் உன் வீட்டில் நாலைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள். தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் அலையடித்துக்கொண்டே இருக்கட்டும்.

அதே அழுத்தம் வழியிலும் வேலையைக் காட்டும். உங்கள் ஊர்க் கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்குமே, மீன் பையும் கினிகத்தேனை ஏறும்போது அப்படித்தான் உப்பும். பையை முழுக்க முறுக்கிக் கட்ட வேண்டாம், கொஞ்சம் தளர்வாக, இரட்டைப் பையில் கட்டச் சொல். ரிஜிஃபோம் (தெர்மாகோல்) பெட்டி, சுற்றிலும் பத்திரிகைத் தாள்.

மலையிலிருந்து வழிந்து வருகிற பீலித் தண்ணீர் சுத்தமானது என்று உங்கம்மா சொல்வார். குடிக்க நல்லதுதான், ஆனால் மேலே தேயிலை மலை இருக்கிறது. கொழுந்தில் வருகிற கொப்புள நோய்க்குச் செப்பு மருந்து அடிக்கிறார்கள், உரமும் போடுகிறார்கள். மழையில் அது கீழே இறங்கும். துளி செப்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீரில்தான் உப்பு கலக்க வேண்டும், அடர்த்தி 1.025 வருகிற அளவுக்கு.

கடையில் மீனைப் பார்க்கும்போது வயிற்றைப் பார். பக்கவாட்டில் உள்ளே ஒட்டியிருந்தால் விட்டுவிடு. பையில் முட்டி முட்டி உதடு வீங்கியிருந்தாலும் விட்டுவிடு, லெபர்டில் இது அடிக்கடி நடக்கும். உன் கண் முன்னால் உறைந்த மைசிஸ் (குட்டி இறால் மாதிரி இரை) போடச் சொல், தின்னாத மீனுக்குக் காசு கொடுக்காதே. வீட்டிலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், இது நாள் முழுக்க மேய்கிற மீன். முதல் சில வாரம் தனி டேங்க்கில் வை. மண்ணில் தூங்குகிற இனம் என்றால் அங்கேயும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் மண் நிரப்பி வை, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் மோதிக்கொண்டே இருக்கும். லெபர்டை இந்த வருஷம் நினைக்காதே, அது உன் டேங்க் இன்னும் பழசான பிறகு.

ஆகவே இப்போது ஃபேரி சோடி. வருகிற போயா (பௌர்ணமி) லீவுக்கு நான் வருகிறேன், வலையும் அலுமினியச் சட்டமும் என்னிடம் மிச்சம் கிடக்கிறது. டேங்க்கின் நீளம் அகலம், கழிவை நுரையாக எடுக்கிற ஸ்கிம்மரின் குழாய் எந்த மூலையில் வருகிறது, இது மூன்றையும் அளந்து அனுப்பு. அளக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்லாதே, போன தடவை ஸ்டாண்டுக்கு நீ சொன்ன அளவு ஞாபகம் இருக்கிறதா? மூடி போடுகிற வரைக்கும் கடைக்காரனுக்கு முற்பணம் கட்டாதே.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா
பண்டாரவளை