உருக்காம வச்சிருந்த பத்தர் ஐயாவுக்கு

சித்தப்பா பழைய வெள்ளியோட சேத்துக் கடையில போட்டுட்ட எங்க கொள்ளுத்தாத்தாவோட முதல் உலகப் போர் வெள்ளி மெடல் (பிரிட்டிஷ் வார் மெடல்) கிடைச்சிடுச்சுங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து என் சட்டைப் பையிலதான் இருக்கு, ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுட்டுத் தூங்கினேன், என் வொய்ஃப் இன்னும் சிரிச்சிட்டிருக்கா. பத்து நாளா நடந்த கூத்து உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லி சித்தப்பாவை மறுபடியும் கூண்டுல ஏத்த இஷ்டமில்ல. அவர் மேல இருந்த கோவம் போயிடுச்சு. முக்கால்வாசி போயிடுச்சு.

நன்றி சொல்ல வேண்டியவங்க நிறைய பேர், ஆனா முதல்ல வேலூர் லாங் பஜார் பக்கத்து சந்துல பட்டறை வச்சிருக்கற பத்தர் ஐயா. அவருக்கு என்னைத் தெரியாது, நான் யார் எவர்னு எதுவும் தெரியாது.

சத்தியமா நம்பிக்கை இல்லாமதான் போனேன். பழைய வெள்ளியோட வெள்ளியா போன பொருள் இத்தன நாள் தாங்குமா, அதுவும் இப்ப விக்கற விலைக்கு? 92.5 வெள்ளி, 31 கிராம் பக்கம், நாலு பவுன் எடைக்குக் கிட்ட. 1980 வாக்குல வெள்ளி எகிறினப்போ இங்கிலாந்துக்காரங்களே அவங்க தாத்தாவோட இதே மெடலை எடுத்துட்டுப் போய் உருக்கித் தள்ளியிருக்காங்க, நம்ம ஊர்ல கொலுசா ஆகறதுக்கு என்ன நேரம் ஆகும். கையில அதோட ஜோடி, றெக்கை வச்ச அம்மா நிக்கற விக்டரி மெடல் மட்டும் எடுத்துட்டுப் போயிருந்தேன். அது வெண்கலம்ங்கறதால தப்பிச்சது.

"ஐயா, இதே சைசு, ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளு"ன்னு ஆரம்பிச்சேன். அவர் பதிலே சொல்லல. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு என் கையில இருந்ததை வாங்கி, படத்தைப் பாக்கல, விளிம்பைத்தான் ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம் எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாடி கைய விட்டு, விபூதி மாதிரி மடிச்ச ஒரு பொட்டலம் எடுத்தார்.

"கடையில இருந்து உருக்கறதுக்கு வந்த சரக்குல இருந்துச்சு தம்பி. மாத்து பாக்கலாம்னு அரத்தை ஒரு இழுப்பு இழுத்தேன், எழுத்து தட்டுச்சு, நிறுத்திட்டேன்." அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா பேர்னு தெரிஞ்சிருக்கு. "பேர் வெட்டின பாத்திரத்தையே உருக்கற மூசையில போடறதுக்கு மனசு வராது, யாராச்சும் தேடிட்டு வருவாங்க"ன்னார். அந்த எடைக்கு உண்டான வெள்ளியைத் தன் கணக்குல கடைக்குக் குடுத்துட்டு இதை எடுத்து வச்சிருக்கார். எங்கிட்ட வாங்கினதும் அதே பணம்தான், மேல ஒத்த ரூபா வாங்கல. நான் நீட்டின நோட்டை ரெண்டு தடவை தள்ளிவிட்டார்.

"என்னதான் எழுதியிருக்கு, படிங்க"ன்னார். நம்பர், எஸ்.பி.ஆர்., கொள்ளுத்தாத்தா பேர், அப்புறம் 2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம். கேட்டுட்டு கொள்ளுத்தாத்தா பேரை மட்டும் ஒரு தடவை சொல்லிப் பாத்தார். எனக்கு அங்கயே தொண்டை அடைச்சிடுச்சு, டீ வாங்கிட்டு வரேன்னு வெளிய வந்துட்டேன்.

அந்த எஸ்.பி.ஆரை ரொம்ப வருஷமா எங்க குடும்ப இனிஷியல்னே நினைச்சிட்டிருந்தோம்! சாப்பர்ங்க, பட்டாளத்துல பாலம், ரோடு போடற என்ஜினியர் பிரிவு சிப்பாய். குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், இப்ப பெங்களூர்ல இருக்கற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்போட அந்தக் காலத்துப் பேர். பொறுமையா போன்ல விளக்கின ரிட்டயர்ட் சுபேதார் சாருக்கு பெரிய சல்யூட். அங்க வேலை பாக்கற நம்ம பசங்களை பட்டாளம் முழுக்க 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்களாம், அதைச் சொல்றப்ப அவர் குரல்ல ஒரு பெருமை. கொள்ளுத்தாத்தா மெசபடோமியாவுக்கு (இப்ப ஈராக்) போனார், பஸ்ராவுல கப்பல் இறங்கினார்ங்கறது பாட்டி சொன்ன கதை. 1917 மார்ச்சுல பாக்தாத்தைப் பிடிச்சப்போ அவர் எங்க இருந்தார்னு இன்னும் தேடணும்.

தேடறப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பஸ்ரா நினைவுச் சின்னம்னு ஒண்ணு இருக்கு, மெசபடோமியாவுல செத்து, கல்லறை எதுன்னு தெரியாம போன 40,000 பேருக்கு மேல அதுல கணக்கு. வெள்ளைக்கார சிப்பாய்ங்க பேரெல்லாம் கல்லுல வெட்டியிருக்காங்க. இந்திய சிப்பாய்னா ரெஜிமென்ட் பேரைப் போட்டு இத்தன பேர்னு எண்ணிக்கை மட்டும்தான். எங்க கொள்ளுத்தாத்தா உசுரோட திரும்பி வந்தவர், இருந்தாலும் அதைப் படிச்சப்புறம் இந்த விளிம்புல இருக்கற பேரைத் தடவித் தடவிப் பாக்கறேன். இனிஷியல் இல்ல, ஊர் இல்ல, ஸ்பெல்லிங்கை வேற கொலை பண்ணியிருக்கான், ஆனாலும் அவர் பேர்தான். லேபர் கோர்ங்கற தொழிலாளர் படையில போனவங்களுக்கு இதே மெடலை வெண்கலத்துல அடிச்சுக் குடுத்தாங்க, அங்கயும் தரம் பிரிச்சிருக்காங்க பாருங்க, இப்ப மெடல் சேகரிக்கறவங்க அதைத்தான் அதிகமா தேடறாங்க.

கோயம்புத்தூர்ல மெடல் சேகரிக்கற அண்ணன், லண்டன்ல இருந்து நடு ராத்திரி ரெக்கார்டு தேடிப் பாத்த ஃப்ரெண்ட், கடை கடையா என்கூட அலைஞ்ச மச்சான், "கிடைக்கும்ணா"ன்னு தினம் மெசேஜ் போட்ட தங்கச்சிங்க, எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. அண்ணன் ஆரஞ்சு நடுவுல வெள்ளை கருப்பு நீல ஓரம் வச்ச ரிப்பன் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார், காசு வாங்கலைன்னா சண்டை வரும்.

அரம் பட்ட இடத்துல கடைசி எழுத்தோட தலை கொஞ்சம் போயிருக்கு. அதைச் சரி பண்ணி பளபளன்னு பாலிஷ் போட்டுத் தரீங்களான்னு பத்தர் ஐயாகிட்டயே கேட்டேன். "தேச்சா இருக்கற எழுத்தும் போயிடும், கருப்பா இருக்கட்டும் விடுங்க"ன்னு சொல்லிட்டார், கோயம்புத்தூர் அண்ணனும் வார்த்தை மாறாம அதையேதான் சொன்னார். இனிமே எங்க வீட்ல யாரும் இதுல புளியோ பல்பொடியோ வைக்கக் கூடாது, இது என் சத்தியம்.

வர்ற ஞாயித்துக்கிழமை பத்தர் ஐயா குடும்பத்தோட வீட்டுக்கு சாப்பிட வரார். சித்தப்பாவும் வரேன்னுட்டார். அவர் இப்பவே அம்மாகிட்ட எத்தன கிலோ மட்டன் வாங்கணும்னு கேட்டுட்டிருக்கார்.