முறுக்கு ஆயாவைச் சூனியக்காரி ஆக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர், இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒன்பது நாள் எங்கள் ஊரிலேயே தங்கிப் பேய்ப் படம் எடுத்தவர்கள் நீங்கள் என்பதால், ஊரைப் பற்றியோ, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிற்கும் கல்லைப் பற்றியோ உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பெயரையும் இம்மடலில் எழுதப் போவதில்லை. நீங்கள் திரையில் எழுதியதே போதும். நான் கேட்க வந்தது ஒன்றுதான். படம் ஓடிடி தளத்துக்குப் போவதற்கு முன், 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற வரியையும், அதனடியில் வரும் எங்கள் ஊர்ப் பெயரையும், கல்லுக்கு விளக்கேற்றும் மூதாட்டியின் முகம் தெரியும் காட்சிகளையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

படத்தைப் பார்க்காமல் எழுதவில்லை. வேலூருக்குப் போய், டிக்கெட் எடுத்து, முழுதாகப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், செல்பி எடுப்பதற்காக ஒரு பழங்கல்லைப் பெயர்த்து நகர்த்துகிறார்கள். அமாவாசைக்கு ஒருவராகச் சாகிறார்கள். கையில் காசில்லாமல் எடுத்த படம் என்பது நன்றாகவே தெரிகிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இருட்டையும் சத்தத்தையும் வைத்தே நீங்கள் சில இடங்களில் ஆளை உலுக்கிவிட்டீர்கள். அந்த ஏரி மதகுக் காட்சியில் முப்பத்தோரு ஆண்டு வரலாற்றுப் பாடம் நடத்திய நானே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த காட்சியில் ஆயாவின் முகம் திரை முழுக்க வந்தபோது, பயத்துக்குப் பதிலாக எனக்கு வந்தது வேறு.

அவரை ஊரில் எல்லோரும் முறுக்கு ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவி விளக்கு வைப்பது அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். "எப்போதும்போல விளக்கேற்றுங்கள், ஏற்றிவிட்டு இப்படித் திரும்பிப் பாருங்கள்" என்று மட்டுமே உங்கள் ஆட்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஐநூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்திருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் உதட்டோரம் சிவந்திருந்தது. அந்த வெற்றிலைச் சாற்றை நீங்கள் கணினியில் இரத்தமாக்கி, முகவாய் வரை வழியவிட்டு, வேறு யாரோ ஒருவரின் குரலில் "ஒருத்தனும் மிஞ்ச மாட்டீங்க" என்று பேச வைத்திருக்கிறீர்கள். உங்கள் டிரெய்லரிலும் அந்த முகம்தான். சுவரொட்டியிலும் அந்த முகம்தான்.

ஆயா காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு பிசைவார். பள்ளிக்கூடத்து வாசலில், வேப்பமரத்தடியில், அலுமினிய அன்னக்கூடையில் எண்பது முறுக்கு வைத்துக்கொண்டு உட்காருவார். ஒன்று ஐந்து ரூபாய். மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணி நேரத்தில் கூடை காலியாகிவிடும். காசில்லாத பிள்ளைகளுக்கு உடைந்த முறுக்கைச் சும்மாவே கொடுப்பார். உங்கள் டிரெய்லர் பிள்ளைகளின் அப்பாக்களுடைய கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்த வாரத்தில் எண்பதில் பதினொன்று விற்றது. அதற்கடுத்த வாரம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, பள்ளியின் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கின. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தூரத்தில் நின்று அவர் கூடையின்மேல் கல் எறிந்துவிட்டு ஓடியிருக்கிறான். இத்தனைக்கும் அவன் அவருக்குத் தூரத்துப் பேரன் முறை. இப்போது அவர் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார். முறுக்கை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறார். யார் சுட்டது என்று தெரியாதவரை விற்கிறது. தெரிந்த அன்று கூடை அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது.

சென்ற வாரம் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்: "ஏம்பா வாத்தியாரே, நான் யாருக்குப்பா சாபம் வுட்டேன்? இன்னா பண்ணேன் நானு?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்கள் மேலாளரிடம் இருமுறை தொலைபேசியில் பேசினேன். "அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கியிருக்கோம் சார்" என்றார். அது கையெழுத்து அன்று ஐயா, கைநாட்டு. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் கை வைக்க முடியாது என்றும் மேலாளர் சொன்னார். தணிக்கைச் சான்று பெற்ற படத்திலும் மாற்றம் செய்து, அதைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறும் வழி விதிகளிலேயே இருக்கிறது. நீளம் அதிகம் என்று தோன்றினால் வெளியான மறுநாளே இருபது நிமிடத்தை வெட்டுகிற துறையில், ஒரு கிழவியின் முகத்துக்காக ஒன்றரை நிமிடத்தை வெட்ட முடியாதா?

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் படத்தில் 'இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று முதலில் ஓர் எழுத்து வருகிறது. அது மறைந்ததும் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று இன்னொன்று வருகிறது. வழக்கு வந்தால் முதலாவதையும், வசூலுக்கு இரண்டாவதையும் வைத்துக்கொண்டீர்கள் போலும். கதாநாயகன் சிகரெட் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை போட வேண்டும். மாட்டை நடிக்க வைத்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும். முறுக்கு விற்கும் ஆயாவை நடிக்க வைக்க மட்டும் ஒரு பிரியாணிப் பொட்டலம் போதும்.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாபம் அதிலிருந்து கிளம்பியதாகத்தானே கதை. அது நடுகல். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், நெஞ்சில் தைத்த அம்பு, காலருகே ஒரு மாடு. விளக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் வட்டெழுத்தில், அதாவது பழந்தமிழ் எழுத்தில், தேய்ந்த இரண்டு வரி தெரியும். பகைவர் ஓட்டிச் சென்ற ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் நட்டது. இந்த வட ஆர்க்காட்டுப் பகுதி முழுக்க, செங்கம் தொடங்கித் திருப்பத்தூர் வரை, இப்படிப்பட்ட கற்கள் நிற்கின்றன. ஆம்பூரில் உள்ள பல்லவர் காலத்துக் கல்வெட்டும், நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில் மாடு பிடிக்க வந்த படையோடு மோதி மடிந்தவர்களைத்தான் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல்லுக்கு ஆறு துறைகளை, அதாவது கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளை, தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஏழாவதாகச் சாபம் என்பதைச் சேர்த்த பெருமை உங்களையே சாரும். அதன்மேல் உங்கள் ஆட்கள் இரத்தம் என்று அடித்துவிட்டுப் போன சிவப்புப் பெயின்டை ஆயா மூன்று நாள் தேங்காய் நாரால் தேய்த்தார். மாட்டின் கொம்பில் இன்னும் சிவப்பு போகவில்லை. இப்போது சனிக்கிழமை இரவானால் காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் பைக்கில் பையன்கள் வந்து, கல்லை அசைத்துப் பார்த்து, ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேய் என்றாலே ஆகாது என்று எண்ண வேண்டாம். மாசி மாதம், மகாசிவராத்திரிக்கு அடுத்து, வேலூர்ப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். காளி வேடம் கட்டியவர்களின் பின்னால், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுடுகாட்டுக்கே குடும்பத்தோடு போகிறவர்கள் நாங்கள். வேடம் கலைத்ததும் காளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். மறுநாள் யாரும் அவளைப் பார்த்து ஓடுவதில்லை. ஆயாவுக்கு நீங்கள் கட்டிய வேடத்தைக் கலைக்க எங்களால் முடியவில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது.

கோபத்தில் சில சொற்கள் கூடுதலாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இளையவர்கள், கடன் வாங்கிப் படம் எடுத்திருப்பீர்கள், அது ஓட வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: அந்த வரியையும், ஊர்ப் பெயரையும், ஆயாவின் முகத்தையும் எடுத்துவிடுங்கள், சுவரொட்டியிலும் டிரெய்லரிலும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் பள்ளி நாளொன்றில் இங்கே வந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று, அந்தக் குரல் ஆயாவுடையது அன்று என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியரிடம் நான் பேசிவிட்டேன், எந்த நாள் என்றாலும் சரி என்கிறார். வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் எண்பது முறுக்கு சுட்டு வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.