டப்பாவில் அளவைப் போடுங்கள்: கூலிங் பெயிண்ட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கூல் ரூஃப் பெயிண்ட் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

வேலூரில் மேல்மாடி வீட்டில் குடியிருக்கிறேன். வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்விக்கும் என்று உங்களில் ஒருவர் விற்கும் வெள்ளை பெயிண்டை வாங்கி மொட்டை மாடி முழுக்க ரெண்டு கோட் அடித்தோம். ‘10 டிகிரி வரை குறையும்’ என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தளத்துக்கு மேலேயா, அறைக்குள்ளேயா, மதியமா, ராத்திரியா? அதைத்தான் போடவில்லை. முதல் கோடை பரவாயில்லை. மழைக்காலம் போனதும் தூசியும் பாசியும் ஏறி வெள்ளை பழுப்பானது, சூடு பழையபடி வந்துவிட்டது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலை இறக்குகிறது. ஃபேனைப் போட்டால் அந்த அனல்தான் அவர் முகத்தில் அடிக்கிறது. நெஞ்சில் போட்ட ஈரத்துண்டு சீக்கிரமே காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். முதுகெல்லாம் வேர்க்குரு. சொறிந்துகொள்ளக் கை வராது, கண்ணால் காட்டுவார்.

நான் கேட்பது டப்பாவில் அளவைத்தான். வெயிலில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, சூட்டை எவ்வளவு கதிராக வெளியே விடுகிறது, மூன்று வருடம் வெயிலும் தூசியும் பட்ட பிறகு இவை எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்காவில் கூரைப் பொருட்களின் அளவுகளைப் பட்டியலிடும் அமைப்பான கூல் ரூஃப் ரேட்டிங் கவுன்சில் புதிதில் உள்ள அளவையும் மூன்று வருடம் கழித்து உள்ள அளவையும் பட்டியலில் சேர்த்தே தருகிறது.

உங்கள் ஆய்வகங்களுக்குத் தெரியாததா இது? 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் போகும் வெப்பத்தைக் காற்றுமண்டலம் அதிகம் தடுப்பதில்லை, அது விண்வெளிக்கே போய்விடும். அதை வைத்துத்தான் 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் ஒரு பரப்பை நேர் வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ச்சியாக வைத்துக் காட்டினார்கள். வழக்கமான வெள்ளை பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சிவிடும். அதனால் 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் அதற்குப் பதில் பேரியம் சல்பேட்டைப் போட்டுப் பெயிண்ட் செய்து 98.1 சதவீத வெயிலைத் திருப்பினார்கள். நாங்கள் வாங்கிய டப்பாவில் இருந்தது எது? காற்றில் ஈரம் கூடினால் வெப்பம் விண்வெளிக்கு வெளியேறும் அந்த வழி குறுகிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, கடலோரச் சென்னைக்கும் வறண்ட வேலூருக்கும் ஒரே ‘10 டிகிரி’ எப்படிப் பொருந்தும்?

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்துவிட்டது. ஆனாலும் ஏசி வாங்க முடிந்தவர்தான் தப்பிக்கிறார். அந்த ஏசி வெளியே தள்ளும் சூடும் எங்கள் ஜன்னலுக்கே வருகிறது. பால் பாக்கெட்டில் கொழுப்பு எவ்வளவு என்று இருக்கிறது, ஃபிரிட்ஜில் நட்சத்திரம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மாடியில் அடிக்கும் பெயிண்டுக்கு மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?

சரி, ஏசிக்கு நீங்கள் பொறுப்பில்லை. டப்பாவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. தயவுசெய்து அடுத்த கோடைக்கு வரும் டப்பாக்களிலாவது இந்த அளவுகளை அச்சடியுங்கள். எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து, பெயிண்டரும் வீட்டுக்காரரும் படிக்கும்படி தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளர்,
வேலூர்