ஆறு மணி ஷிப்டுக்கு எந்த பஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: ‘இனிமே நம்ம பசங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல.’ 9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். சந்தோஷம். அங்கே போய்ச் சேர எந்த பஸ் என்று நான் கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் 31 வருஷம் லேத் என்கிற கடைசல் மெஷின் முன்னால் நின்றவன் கேட்கிற கேள்வி இது.

என் தங்கச்சி பேரன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் 2 வருஷம் படித்து முடித்தான். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் அளவெடுக்கிற என் பழைய வெர்னியர் கருவியையும் ஒரு இரும்புத் துண்டையும் கையில் கொடுத்து ‘அளடா’ என்றேன். வாங்கினவுடன் அளந்துவிடவில்லை. தாடை இரண்டையும் சட்டை நுனியால் துடைத்தான், மூடினான், வெளிச்சத்தில் பிடித்து ஜீரோ சரியாக விழுகிறதா என்று பார்த்தான். அப்புறம்தான் துண்டை வைத்தான். ‘24.86, தாத்தா.’ அளவைவிட அந்தத் துடைப்புதான் எனக்குப் பிடித்தது. டிப்ளமோ முடித்து வந்தவர்களுக்கே அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அவனை அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக எடுத்தது. முதல் ஷிப்ட் காலை 6 மணி. எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே 5.40க்கு. பையன் 3 மணிக்கு எழுந்து, அரசு கொடுத்த சைக்கிளில் ஒடுகத்தூர் வந்து, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலூர், அங்கிருந்து ராணிப்பேட்டை பஸ். எப்படி ஓடினாலும் 6.15 ஆகிவிடும். 6.05க்கு மேல் போனால் அரை நாள் வெட்டு.

படிக்கிறவரை இலவச பஸ் பாஸ் இருந்தது, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வந்தது. வேலைக்குப் போன முதல் வாரமே கண்டக்டர் சொல்லிவிட்டார்: ‘நீ இப்ப ஸ்டூடண்ட் இல்லப்பா, டிக்கெட் எடு.’ சரி என்று ராணிப்பேட்டையிலேயே நாலு பேராக ரூம் எடுத்தார்கள். வாடகை, மெஸ் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப 1,200 ரூபாய் மிஞ்சியது. 41ஆம் நாள் பெட்டியோடு வந்து நின்றான். பயிற்சியை முடிக்காததால் அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடையாது. இப்போது செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறான்.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல’ என்று நானும் அவனைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் தினமும் கண்ணில் படுகிற ஒன்று உறைத்தது. விடிந்தும் விடியாமல் எங்கள் தெருமுனையில் ஒரு வேன் வந்து ஹாரன் அடிக்கும். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி வேன். டிபன் பாக்ஸோடு 14 பெண்கள் ஏறுவார்கள். மழை பெய்து சாலை சேறானால் வேன் திரும்பிப் போகாது. பிள்ளையார் கோயில்வரை வந்து நிற்கும். ஷூவின் மேல்பாகம் தைக்க ஆள் வேண்டும், அதனால் ஊருக்குள் வருகிறார்கள். ஃபிட்டரும் டர்னரும் கிடைக்கவில்லை என்று புலம்புகிற சிப்காட் கம்பெனிகள் நாலைந்து சேர்ந்து ஒடுகத்தூர், அணைக்கட்டு வழியாக ஒரு வேன் விட்டால் என்ன?

அரசு செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. அப்ரண்டிஸ் முடிகிறவரைக்கும் மாணவர் பஸ் பாஸை நீட்டித்துக் கொடுக்கட்டும். ஒடுகத்தூரிலிருந்து 4 மணிக்கு ராணிப்பேட்டைக்கு நேராக ஒரு பஸ் விடட்டும். ஆள் ஏறாது என்று டிப்போவில் சொல்வார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்து மூன்று ஊரில் மட்டும் 11 பேர். பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர்,
ஒடுகத்தூர் வழி, வேலூர் மாவட்டம்.